சகலைக்கு வந்த மெயில்

செங்குட்டுவனின் சட்டைப்பையில் போன் இரண்டு தடவை அதிர்ந்தது. எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டில்லிபாபுவுக்கு இரண்டு தடவை புரையேறியது.

"இன்னா சகல, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?" என்றார் செங்குட்டுவன்.

"ஒண்ணியும் இல்ல. டீ சூடு. ஆமா, உனக்கு போன் அடிச்சுதே?"

கேட்ட பிறகுதான் டில்லிபாபு நாக்கைக் கடித்துக்கொண்டார். சும்மா இருந்தவனுக்கு இவரே ஞாபகப்படுத்திவிட்டார்.

"போன் இல்ல, மெயிலு. அப்பால பாத்துக்கலாம்."

"அதான் கரெக்டு. மெயில்ல இன்னா வரப்போவுது? லோன் வேணுமான்னு கேப்பான். வுடு சகல."

அந்த மெயிலில் என்ன வந்திருக்கிறது என்று டில்லிபாபுவுக்கு நன்றாகத் தெரியும். அதை வரவழைத்ததே அவர்தான். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த வேலையை முடித்துவிட்டு, நேராகச் சகலையின் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷமாக அந்தக் கடைப் படி ஏறாதவர்.

விஷயம் இதுதான். டில்லிபாபுவும் செங்குட்டுவனும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அக்கா கார்குழலி டில்லிபாபுவுக்கு, தங்கை தங்கபுஷ்பம் செங்குட்டுவனுக்கு. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கும் கடையை எண்ணூர் நெடுஞ்சாலையில் இருவரும் கூட்டாகத் தொடங்கி, நாலு வருஷம் நடத்தி, பிறகு முறைப்படி சண்டை போட்டுப் பிரிந்தார்கள். தையல் மெஷினைப் பிரித்தார்கள், மேஜை விசிறியைப் பிரித்தார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்று ஒற்றைப்படையாக நின்றதால் அதைக் குப்பைவண்டிக்குக் கொடுத்தார்கள். கடைசியில், இணையத்தில் வாங்கி வைத்திருந்த இரண்டு பெயர்கள் மிஞ்சின. ஒன்று சென்னை தார்ப்பாய் டாட் காம். இன்னொன்று எண்ணூர் தார்ப்பாய் டாட் காம்.

மாமியார் தாயம்மா சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார். செங்குட்டுவனுக்குச் சென்னை விழுந்தது. டில்லிபாபுவுக்கு எண்ணூர்.

அன்றைக்குப் பற்றிய எரிச்சல் இன்னும் அணையவில்லை. மூத்த மாப்பிள்ளைக்கு ஒரு மூலை, இளைய மாப்பிள்ளைக்கு முழு ஊரா? அதோடு போயிற்றா? இரண்டு பேரும் திருவொற்றியூரில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்கள். ஆனால் தாயம்மா வாய்க்கு வாய் "சென்னை மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு வை, எண்ணூர் மாப்பிள்ளைக்குக் குழம்பு ஊத்து" என்கிறார். வஞ்சிரத்தின் நடுத்துண்டு மூன்று வருஷமாகச் சென்னைக்கே போகிறது. எண்ணூருக்கு வால்தான். டில்லிபாபு வாலைத் தின்றுகொண்டே நடுத்துண்டைப் பார்ப்பார். பொறாமை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். நியாயம் கேட்கிறேன் என்பார். பொறாமைதான்.

முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் பிரியாணிக்கடை மொஹ்சின் புலம்பிக்கொண்டிருந்தார். அவர் கடைப் பெயரில் இணையத்தில் வைத்திருந்த முகவரியை அவருடைய சித்தப்பா மகனே தட்டிக்கொண்டு போய்விட்டானாம்.

"எப்புடி பாய்?" என்று கேட்டார் டில்லிபாபு.

"ரகசிய நம்பர் அவனுக்குத் தெரியும், நைனா. அந்தப் பேரை வித்த கம்பெனிலேர்ந்து வேற கம்பெனிக்கு மாத்தச் சொல்லி எழுதிப் போட்டுட்டான். பழைய கம்பெனிக்காரன் எனக்கு மெயில் போட்டுக்கீறான், உனக்குச் சம்மதமா இல்லியான்னு. நான் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன், பாக்கல. அஞ்சு நாள் நான் பதில் சொல்லலைன்னு சம்மதம்னு எடுத்துக்கினு தூக்கிக் குடுத்துட்டான்."

"அடப்பாவமே!" என்று உச்சுக்கொட்டினார் அங்கே நின்றிருந்த செங்குட்டுவன்.

"அடப்பாவமே!" என்று டில்லிபாபுவும் உச்சுக்கொட்டினார். வீட்டுக்கு வந்து புரண்டு புரண்டு படுத்தார்.

ரகசிய நம்பரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அது அவர் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலடிப்பேட்டையில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் ரெஜி அக்காதான் அந்தக் காலத்தில் இரண்டு பெயரையும் வாங்கிக் கொடுத்தவர். எந்தத் தாளைப் பார்த்தாலும் லேமினேட் பண்ணிவிடுகிற பழக்கம் அவருக்கு. இரண்டு பெயர், இரண்டு ரகசிய நம்பர், எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்து, இரண்டு பிரதி எடுத்து, லேமினேட் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார். விசிறியைப் பிரித்தவர்களுக்கு அந்தத் தாளைப் பிரிக்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலையில் டில்லிபாபு அந்த அட்டையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ரெஜி அக்காவிடம் போனார்.

"அக்கா, சென்னை தார்ப்பாயை வேற கம்பெனிக்கு என் பேர்ல மாத்தணும். நம்பர் கீது."

ரெஜி அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அட்டையைப் பார்த்தார், டில்லிபாபுவைப் பார்த்தார். "இன்னிக்கு இதே வேலையாப் போச்சு," என்று முனகிக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"அதுக்குப் பூட்டு கீட்டு எதுனா போட்டிருக்கா அக்கா?"

"பூட்டுப் போட்டா சாவி எங்கன்னு என்னையே வந்து கேப்பீங்க. போடல."

"சகலைக்குத் தெரியுமா?"

"மெயில் போவும். வேணாம்னு அவர் ஒரு வார்த்த சொன்னா நின்னுடும். அஞ்சு நாள் வாயே தொறக்கலன்னா சம்மதம்னு அர்த்தம். திங்கக்கிழமை காலைல வா."

"நீங்க அவருகிட்ட..."

"டில்லி தம்பி, இருபது வருசமா கடை வச்சிருக்கேன். ஒருத்தர் சமாச்சாரத்த இன்னொருத்தர்கிட்ட சொன்னதே இல்ல. நம்பர் இருக்கு, தட்டச் சொல்றீங்க, தட்டறேன். வேணாம்னு சொல்றதுக்கு ஓனருக்கு அஞ்சு நாள் குடுத்துக்கீறாங்க. இதுக்கு மேல கேக்க நான் யாரு?"

ஆக, ஐந்து நாள். செங்குட்டுவன் மெயில் பார்க்காமல் ஐந்து நாள்.

மூன்றாவது தடவையாகச் சட்டைப்பை அதிர்ந்தது. செங்குட்டுவனின் கை பைக்குப் போயிற்று.

"சகல!" என்று கத்தினார் டில்லிபாபு. "கத்திவாக்கத்துல எறா சும்மா கொட்டுதாம். நம்ம லியோனார்டோட படகு கீது. போய் வரலாமா?"

மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத சகலை, கடையைப் போட்டுவிட்டு இறாலுக்கு வருவாரா? கேட்ட டில்லிபாபுவுக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் செங்குட்டுவன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து ஷட்டரை இழுத்தார்.

"நானே உன்னைக் கூப்புடணும்னு இருந்தேன் சகல. எத்தினி நாளு இப்புடியே மூஞ்சத் தூக்கிவச்சிகினு இருக்கறது?"

என்ன பெருந்தன்மை பாருங்கள்! கூப்பிட்டது இவர், நல்ல பெயர் அவருக்கு. டில்லிபாபுவுக்கு அதுவே பற்றிக்கொண்டு வந்தது.

லியோனார்டின் பைபர் படகு முகத்துவாரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஏறும்போதே செங்குட்டுவன் ஒரு சாப்பாட்டு டப்பாவைக் காலி பண்ணி, தன் போனை அதில் போட்டு, டில்லிபாபுவிடம் கை நீட்டினார்.

"உன்னுதும் குடு. தண்ணி பட்டா வீணாப் பூடும்."

டில்லிபாபு சந்தோஷமாகக் கொடுத்தார். இவர் கேட்க நினைத்ததை அவரே செய்கிறார். டப்பா மூடி 'டப்'பென்று விழுந்த சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது.

லியோனார்ட் துடுப்புப் போட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். "டில்லி அண்ணே, எண்ணூர் தார்ப்பாய்னு கீதே, அது உன்னுதுதான? துறைமுகத்துக்கு வர்ற லாரிக்காரங்க அதைத்தான் தேடறாங்க. மெயில் போட்டா பதிலே வரதில்லைன்னு என் மச்சான்..."

"சகல, அதோ பாரு, இன்னா சைஸு மீன் துள்ளுது!" என்றார் செங்குட்டுவன்.

மீன் எதுவும் தெரியவில்லை. லியோனார்ட் சொன்னதும் டில்லிபாபுவின் காதில் பாதிதான் விழுந்தது. அவர் கண் டப்பாவின் மேலேயே இருந்தது.

"உனக்கு இன்னா சகல," என்றார் செங்குட்டுவன், தண்ணீரைப் பார்த்தபடி. "மூத்த மாப்புள்ள. கல்யாணத்துல மோதிரம் உனக்குத்தான் போட்டாங்க. எனக்கு வாட்சுதான்."

அதையும் டில்லிபாபு காதில் வாங்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் லியோனார்ட், வலைக் கொட்டகைக்குப் பெரிய தார்ப்பாய் ஒன்று வேண்டும் என்று சொல்லி, "சென்னை கம்பெனிகிட்டயே எடுத்துக்கறேன்" என்று செங்குட்டுவனிடம் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டி வந்தது யார்? இறாலுக்கு வழி சொன்னது யார்? ஆர்டர் யாருக்கு? டில்லிபாபு எரிச்சலில் டப்பாவை எட்டி உதைத்தார். மூடி திறந்து, படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் செங்குட்டுவனின் போன் மட்டும் விழுந்தது.

எடுத்துத் துடைத்துப் பார்த்தால் போன் உயிரோடுதான் இருந்தது. சத்தம் மட்டும் கம்மிவிட்டது.

இது நல்லதற்குத்தான் என்று வியாழக்கிழமை காலையில் டில்லிபாபுவுக்குத் தோன்றியது. ரிப்பேருக்குக் கொடுத்தால் மூன்று நாளாவது ஆகும்.

"என்னாலதான் சகல கெட்டுது. ராயபுரத்துல நம்ம தோஸ்து காஜா மொய்தீன் கீறாரு. நானே குடுத்து வாங்கியாரேன்," என்றார்.

அவர் கிளம்பும்போது கார்குழலி வாசலில் நின்று, "இந்தா, உன் போன்ல நேத்துலேர்ந்து இன்னாமோ மெயில் வந்துகினே கீது, பாக்க மாட்டியா?" என்றாள்.

"எல்லாம் வெளம்பரம்டி. எனக்கு யாரு மெயில் போடப்போறா?"

அவர் மெயில் பெட்டியில் திறக்காத கடிதங்கள் நாலாயிரத்துக்கு மேல் கிடந்தன. மெயிலில் நல்லது எதுவும் வராது என்பது டில்லிபாபுவின் தீர்மானமான கொள்கை. ஊரில் எல்லோரும் அதே கொள்கையில் இருந்தால் அவருக்கு இந்த வாரம் இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

காஜா மொய்தீனிடம் போனை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "அவசரமே இல்ல பாய். பொறுமையா செய். ஞாயித்துக்கெழம குடுத்தாலும் போதும்," என்றார்.

காஜா மொய்தீன் நேர்மையான மனிதர். அந்த வட்டாரத்தில் அப்படி ஒருவர் இருப்பது டில்லிபாபுவின் துரதிருஷ்டம். "உன் சாமானை நான் மூணு நாள் வச்சிகினு இன்னா பண்றது? குந்து," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். இருபது நிமிஷத்தில் புது ஸ்பீக்கர் மாட்டிவிட்டார். "பழசவிட ரெண்டு மடங்கு சவுண்டு. தோஸ்துக்காவ."

போனைத் திரும்பக் கொடுத்த மறு நிமிஷமே அது கோயில் மணி மாதிரி 'டிங்' என்றது. தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடேங்கப்பா!" என்றார் செங்குட்டுவன். "இனிமே ஒரு மெயிலும் தப்பாது."

அன்றைக்கு டில்லிபாபு சாப்பிடவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஒரு யோசனையோடு எழுந்தார். சகலையின் கடைக்கு மூச்சிரைக்க ஓடினார்.

"சகல, சமாச்சாரம் தெரியுமா? மெயில்ல ஒரு வைரஸ் வந்துகீதாம். தொறந்தா போதும், பேங்க்ல கீறதெல்லாம் காலி. எர்ணாவூர்ல ஒருத்தருக்கு மொத்தமும் பூட்ச்சாம்."

செங்குட்டுவன் சிரிப்பார், கேலி செய்வார் என்று எதிர்பார்த்தார். அவரோ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, ஆமா சகல! நானும் கேட்டேன். எத்தினி நாளைக்கு?"

"திங்கக்கெழம காலைல வரைக்கும்னு சொல்றாங்க."

"அப்ப ரெண்டு பேரும் தொறக்கக் கூடாது. ஒருத்தர் தொறந்தா இன்னொருத்தருக்கும் ஒட்டிக்கும் இல்ல? வா, சத்தியம் பண்ணிடலாம்."

தெருமுனைப் பிள்ளையார் முன்னால் கற்பூரம் ஏற்றி இருவரும் சத்தியம் செய்தார்கள். திங்கட்கிழமை காலைவரை மெயில் என்ற பக்கமே போவதில்லை. கற்பூரத்தை அணைக்கும்போது டில்லிபாபுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம் சகலை, இப்படி ஒரு வெகுளியா? இந்த வெகுளிக்குப் போய் நடுத்துண்டா?

செங்குட்டுவனும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நின்றார். பக்தி என்று டில்லிபாபு நினைத்தார். அதுவும் மத்தியானத்துக்குள் மாமியார் காதுக்குப் போய்விட்டது. "சின்ன மாப்புள்ள கற்பூரம் ஏத்திக் கும்புட்டுக்கினு நின்னாராம்," என்று தாயம்மா தெருவுக்கே சொன்னார். பக்கத்தில் இன்னொரு மாப்பிள்ளையும் நின்றான் என்பதை அவர் சொல்லவில்லை.

சத்தியத்தால் ஒரு தொல்லை வந்தது. போனை நோண்டாமல் செங்குட்டுவனுக்குப் பொழுது போகவில்லை. சும்மா இருக்கும் கை எப்போது போனைத் தேடுமோ என்று டில்லிபாபு பயந்தார். சனிக்கிழமை அவரைத் தன்னுடைய கேரம் கிளப்புக்கே இழுத்துக்கொண்டு போனார். அன்று அங்கே போட்டி. உள்ளே நுழைகிறவர்கள் போனை அணைத்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டுவிட வேண்டும் என்பது கிளப்பின் சட்டம்.

"நீயும் நானும் டபுள்ஸ் ஆடலாம் சகல," என்றார் செங்குட்டுவன். "நீ இல்லாம நான் மட்டும் எப்புடி?" இரண்டு போனையும் அவரே பக்கெட்டில் போட்டார்.

டில்லிபாபு பதினைந்து வருஷமாக அந்தக் கிளப்பில் ஆடுகிறவர். செங்குட்டுவன் கேரம் போர்டைத் தொட்டே பல வருஷம் இருக்கும். முதல் ஆட்டத்தில் டில்லிபாபு எட்டுக் காய்களைப் போட்டார். அடுத்ததில் ஆறு. இறுதி ஆட்டத்தில் அவர் தனியாக எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்து கடைசியில் சிவப்புக் காயையும் ஒரே ஒரு வெள்ளைக் காயையும் மட்டும் விட்டுவைக்க, செங்குட்டுவன் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டிரைக்கரைத் தட்டினார். அது நாலு பக்கமும் இடித்து, சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாகத் தூக்கிப் பையில் போட்டது.

கூட்டம் எழுந்து நின்றது. விசில் பறந்தது. செங்குட்டுவனைத் தோளில் தூக்கினார்கள். சால்வை ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள், அது செங்குட்டுவனுக்கு. கோப்பையும் அவர் கையில். போட்டோவில் டில்லிபாபுவின் இடது காது மட்டும் விழுந்தது.

"பதினஞ்சு வருசம்," என்று அன்று வீட்டில் சொன்னார் டில்லிபாபு, சுவரைப் பார்த்து. "பதினஞ்சு வருசமா எனக்கு ஒரு கைக்குட்டை போத்தல அவனுங்க."

"பேஜாரு பண்ணாத. நாளைக்கு எங்கம்மா விருந்து வச்சிக்கீது," என்றாள் கார்குழலி. "கப்பு ஜெயிச்ச மாப்புள்ளைக்கு."

எந்த மாப்பிள்ளை என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாயம்மா வீட்டில் மீன் குழம்பு பாதித் தெருவுக்கு மணத்தது. இலை போட்டாகிவிட்டது. கோப்பை நடுக்கூடத்தில் டிவிக்கு மேலே உட்கார்ந்திருந்தது. இன்னும் ஒரு பொழுதுதான், நாளைக் காலையில் சென்னை நமக்கு என்று டில்லிபாபு மனசைத் தேற்றிக்கொண்டு சம்மணம் போட்டார்.

"போட்டோ காட்டறேன் இரும்மா," என்று தங்கபுஷ்பம் புருஷனின் போனை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் சத்தியம் எதுவும் செய்யவில்லை. போன் 'டிங்' என்றது. காஜா மொய்தீனின் ஸ்பீக்கர் வீட்டையே அதிர வைத்தது.

"ஏங்க, மெயிலு வந்துகீது. 'ஃபைனல் ரிமைண்டர்'னு இங்கிலீஷ்ல போட்டுகீது. 'ட்ரான்ஸ்ஃபர்'னு..."

டில்லிபாபு எழுந்த வேகத்தில் இலை பறந்தது. "வைரஸு! வைரஸு! தொடாத புஷ்பம்!" என்று பாய்ந்து கையைத் தட்டினார். போன் மேலே போனது, விசிறியைத் தொட்டது, நேராகக் குழம்புச் சட்டியில் இறங்கியது. குழம்புக்குள்ளிருந்து இன்னொரு 'டிங்' கேட்டது. பிறகு கேட்கவில்லை.

தாயம்மா இடுப்பில் கை வைத்தார். "இன்னா எண்ணூர் மாப்புள்ள, கலீஜ் பண்ணிட்டியே! ரெண்டு கிலோ வஞ்சிரம்!"

"அத்த, சகலையத் திட்டாதீங்க," என்று எழுந்து வந்தார் செங்குட்டுவன். டில்லிபாபுவைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "என் நல்லதுக்குத்தான பண்ணாரு. போன் போனா போவுது. இன்னிக்கு ஒரு நாளைக்கு உன் போனைக் குடு சகல, என் சிம்மைப் போட்டுக்கறேன். காலைல தந்துடறேன். என் மெயிலு உன் போன்ல வராது, பயப்படாத."

டில்லிபாபு மறுபேச்சில்லாமல் போனை எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு நல்லவனா இவன்? நாம் செய்வது என்ன? ஒரு பெயருக்காகத் தம்பி மாதிரி இருப்பவன் வயிற்றில் அடிப்பதா? ரெஜி அக்கா வீடு பக்கத்தில்தான். சாப்பிட்டதும் நேரில் போய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். எண்ணூரும் ஊர்தானே? உண்மையாகவே அவர் கண் கலங்கியது.

தாயம்மா போனைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு, தனியாக எடுத்து வைத்திருந்த வறுவலைக் கொண்டுவந்தார். தட்டில் இரண்டே துண்டுகள் இருந்தன. ஒன்று நடு, ஒன்று வால். டில்லிபாபு கலங்கிய கண்ணோடு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெரிய மனசு என் சென்னை மாப்புள்ளைக்கு," என்று சொல்லி, நடுத்துண்டை எடுத்துச் செங்குட்டுவன் இலையில் வைத்தார் தாயம்மா.

கண்ணீர் அந்த நிமிஷமே காய்ந்துவிட்டது. டில்லிபாபு வாலைக் கடித்தார், முள்ளோடு சேர்த்து. ரெஜி அக்கா வீட்டுப் பக்கம் அவர் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் சென்டர் திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு. ரெஜி அக்கா பொறுமையாக ஷட்டரைத் தூக்கி, சாமிக்கு ஊதுபத்தி கொளுத்தி, கம்ப்யூட்டரைத் தட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"ஆயிடுச்சு தம்பி. சென்னை தார்ப்பாய் உன் பேர்ல வந்துடுச்சு."

டில்லிபாபுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருஷம்! இனி யார் சென்னை மாப்பிள்ளை? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடுத்துண்டு எந்த இலைக்கு வருகிறது என்று பார்த்துவிடலாம். சகலை அப்போது வாலைத் தின்றுகொண்டு இவர் இலையைப் பார்ப்பான். அந்தப் பார்வையை நினைக்கும்போதே வாய் இனித்தது, பெட்டியைத் திறந்து ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டார்.

"எடுத்துக்குங்க அக்கா, நீங்களும் எடுத்துக்குங்க. இப்ப ஒரு போர்டு அடிக்கணும். சென்னை, எண்ணூர், ரெண்டு பேரையும் ஒண்ணா போட்டு, ரெண்டுக்கும் என் நம்பரே வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க."

ரெஜி அக்கா மைசூர்பாகை எடுத்த கையோடு நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டா? எண்ணூரு காலைலயே உன் சகலைக்குப் பூட்ச்சே தம்பி. புதன்கிழமை உனக்கு முன்னாடியே அவர்கிட்ட இருக்கற அட்டையோட வந்து, எண்ணூரை அவர் பேருக்கு மாத்தச் சொல்லிட்டுப் போனாரு... அஞ்சு நாளா உனக்கும்தான் மெயில் வந்துகினு இருந்துது, நீ ஏன் பாக்கவே இல்ல?"